அமெரிக்காவின் ‘வியாபாரி வீசா’: ஒரு பழைய கதவின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வெளிநாட்டு வீசாவுக்கென்று யாரிடமாவது முற்பணம் கட்ட யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நேரமில்லாவிட்டாலும் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு, எங்கள் தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் கையில் ஒரு பைலோடு வீட்டுக்கு வந்தார். மருதமுனையில் நெய்யும் சாரன்களை வாங்கி, அமெரிக்காவில் ஸ்டேட்டன் தீவில் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்குப் பார்சலில் அனுப்புகிறவர். பெரிய ஏற்றுமதி ஒன்றுமில்லை. வருடத்துக்கு நாலைந்து பார்சல்.

“சேர், இதொருக்கா பாருங்க. ‘ட்ரேடர்’ எண்டுதானே எழுதியிருக்கு. நான் யாவாரிதானே?”

பைலுக்குள் ஒரு முகவர் கொடுத்த விண்ணப்பம் இருந்தது. அமெரிக்காவோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கு ‘ஒப்பந்த வியாபாரி வீசா’ என்று ஒன்று உண்டாம், அதன் பெயர் ஈ-1, குடும்பத்தோடு போகலாமாம். மொத்தக் கட்டணம் இருபத்தைந்து இலட்சம். மூன்று இலட்சம் ஏற்கனவே கட்டியாயிற்று. மிச்சத்துக்கு வாப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் வயலை விற்க ஆள் பார்த்துவிட்டார். உறுதியும் அந்தப் பைலுக்குள்ளேயே இருந்தது.

நான் சட்டத்தரணி அல்ல. பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லைக் கண்டதும் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒப்பந்தம் என்று யாராவது சொன்னால் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: யாருக்கும் யாருக்கும் இடையில், எந்த ஆண்டு, எதற்காக? காக்காவிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

முதல் கேள்விக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஒரு பட்டியலை யாரும் பார்க்கக்கூடியதாகவே வைத்திருக்கிறது. நாட்டின் பெயர், வீசாவின் வகை, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த திகதி. முக்கியமான வகை இரண்டு. ஈ-1 வியாபாரிக்கு, ஈ-2 முதலீட்டாளருக்கு. பாகிஸ்தானுக்கு இரண்டும் உண்டு, 1961இலிருந்து. பங்களாதேசுக்கு ஈ-2 மட்டும், 1989இலிருந்து. இந்தியாவுக்கு இரண்டுமே இல்லை. இலங்கைக்கு நேரே ஒரேயொரு வரி: ஈ-2, 1993 மே 1.

அவ்வளவுதான். ஈ-1 என்ற வரி நமக்கு இல்லை. காக்கா வருடத்துக்கு நாலு பார்சல் அனுப்பினாலும் சரி, நானூறு கொள்கலன் அனுப்பினாலும் சரி, இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அந்த வீசாவுக்கு விண்ணப்பிக்கவே இடமில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முகவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் நிரப்பினாரா என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

அந்தத் திகதியை இன்னொரு தடவை பாருங்கள். 1993 மே 1. எங்கள் வாப்பாமாருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கும். கொழும்பு ஆமர் வீதியில், மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட நாள். நாடு முழுக்க வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அந்த நாளில்தான் அமெரிக்காவுடனான முதலீட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதை யார் கவனித்திருப்பார்கள்?

பட்டியலில் மிகப் பழைய திகதி பிரித்தானியாவுடையது: 1815 ஜூலை 3. அந்த ஆண்டைச் சொன்னால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட கண்டி ஒப்பந்தம் என்பார்கள். மார்ச்சில் கண்டியையும் சேர்த்து முழுத் தீவையும் பிரித்தானியா எடுத்துக்கொண்டது. நான்கு மாதத்தில் லண்டனில் அமெரிக்காவுடன் வர்த்தக உடன்படிக்கை செய்தது. அப்படியானால் அந்த உரிமை நமக்கும் வரவேண்டாமா என்று எனக்கும் ஒரு நப்பாசை. வராது. அந்த உடன்படிக்கையின் வியாபாரச் சுதந்திரம் ஐரோப்பாவில் உள்ள பிரித்தானிய நிலப்பகுதிகளுக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. முடி ஒன்று, ஆனால் குடிகள் வேறு வேறு. இன்றைக்கும் அந்த ஒப்பந்தத்தின் கீழ் வீசா எடுக்க பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் போதாது, அங்கேயே வசிக்கிறவராகவும் இருக்க வேண்டும்.

அதே பட்டியலில் புரூணைக்கு 1853 என்ற திகதி இருக்கிறது. ஒரு முஸ்லிம் சுல்தான் 1850இல் அமெரிக்காவோடு செய்த நட்பு, வர்த்தக, கப்பல் போக்குவரத்து ஒப்பந்தம், நூற்று எழுபது வருடத்துக்குப் பிறகும் புரூணை வியாபாரிக்கு ஈ-1 வீசா கொடுத்துக்கொண்டிருக்கிறது. (அதற்கும் முன்பு 1833இல் மஸ்கட் சுல்தான் ஒரு ஒப்பந்தம் செய்தார். 1840இல் அவருடைய ‘சுல்தானா’ என்ற கப்பல் நியூயோர்க் துறைமுகத்தில் போய் நின்றது. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய கதை.)

சரி, வியாபாரிக்கென்று தனி வீசா எதற்கு? இங்கேதான் நான் இரவு இரண்டு மணி வரைக்கும் விழித்திருந்தேன்.

1880இல் அமெரிக்கா சீனாவோடு ஒரு ஒப்பந்தம் செய்தது. சீனத் தொழிலாளர் வருவதைத் தன் இஷ்டப்படி கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஆனால் ஆசிரியர், மாணவர், வியாபாரி, ஊர் பார்க்க வருகிறவர் ஆகியோர் தடையின்றி வந்து போகலாம். (ஆசிரியர் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை.) இரண்டு வருடத்தில், 1882இல், சீனத் தொழிலாளருக்குக் கதவை அடைக்கும் சட்டம் வந்தது. இருப்புப்பாதை போட்டவனுக்கும் சுரங்கம் தோண்டியவனுக்கும் சுவர். பட்டும் தேயிலையும் விற்றவனுக்கு அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு.

கதவு ஒன்றை வைத்தால் அதில் ஒரு காவலாளியும் வேண்டும். யார் வியாபாரி என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? 1884இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வியாபாரி என்று சொல்கிறவர் சொந்த அரசாங்கத்திடமிருந்து அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவர வேண்டும். என்ன வியாபாரம், எப்படிப்பட்டது, அதன் பெறுமதி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். யார் யார் வியாபாரி அல்ல என்றும் அதே சட்டம் சொன்னது: தெருத்தெருவாகச் சுமந்து விற்கிறவர்கள், மீன் பிடித்து உலர்த்திப் பதப்படுத்துகிறவர்கள்.

என் வாப்பாவின் வாப்பா கருவாட்டு வியாபாரி. உம்மாவின் வாப்பா சைக்கிளில் பொட்டணி கட்டிக்கொண்டு சிங்களக் கிராமங்களுக்குப் போய்ப் புடவை விற்றவர். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் கரையோர ஊர்களில் பாதிப்பேரின் மூதாதையர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வியாபாரியே இல்லை.

1893இல் இன்னும் இறுக்கினார்கள். வியாபாரி என்றால் நிரந்தரமான கடை வேண்டும், வியாபாரம் அவருடைய பெயரிலேயே நடக்க வேண்டும், தன் வியாபாரத்துக்கு அவசியமானதைத் தவிர வேறெந்த உடலுழைப்பும் அவர் செய்யக்கூடாது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர், போவதற்கு முந்திய ஒரு வருடம் இப்படித்தான் இருந்தார் என்று இரண்டு சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். அந்தச் சாட்சிகள் சீனராக இருக்கக்கூடாது. நம்முடைய ஊரில் எந்த முதலாளி தன் கடை மூட்டையைத் தானே தூக்காமல் இருந்தார்? யோசித்துப் பாருங்கள். புறக்கோட்டையில் பெரிய கடை வைத்திருந்த நம்மவர்கள்கூட லொறி வந்தால் சேர்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிய ஆட்கள்தானே.

சட்டம் இறுக இறுக ஆட்களும் வழி தேடினார்கள். 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவகம் நடத்துகிறவரையும் வியாபாரியாகக் கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அதன் பிறகு அமெரிக்க நகரங்களில் சீன உணவகங்கள் பெருகின. சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து காசு போடுவார்கள். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஒருவர் மேலாளராக இருப்பார். அந்தக் காலத்தில் அவர் கோப்பை கழுவவும் மாட்டார், மேசை துடைக்கவும் மாட்டார். வியாபாரி என்ற அந்தஸ்தோடு ஊருக்குப் போய்க் குடும்பத்தைக் கூட்டிவருவார். அடுத்து இன்னொரு பங்காளியின் முறை. நம்முடைய சீட்டுப் பிடிக்கிற முறைதான், காசுக்குப் பதிலாக அந்தஸ்து சுற்றிவந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் மூலைக்கு மூலை சீனச் சாப்பாட்டுக்கடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1917இல் ‘தடுக்கப்பட்ட ஆசிய வலயம்’ என்று ஒரு கோடு கீறினார்கள். அதற்குள் இலங்கையும் அகப்பட்டது. அப்போதும் வியாபாரிக்கும் ஆசிரியருக்கும் விதிவிலக்கு இருந்தது. 1924இல் வந்த குடிவரவுச் சட்டம் அமெரிக்கப் பிரசையாக முடியாதவர்கள் குடியேறுவதையே தடுத்தது. ஏறக்குறைய ஆசியா முழுவதும் அதற்குள் வந்தது. ஆனால் ஏற்கனவே செய்த ஒப்பந்தங்களை மீற முடியாதே! அதனால் வர்த்தக ஒப்பந்தம் ஒன்றின் கீழ் வியாபாரம் செய்வதற்காக மட்டும் வருகிறவருக்கு ஒரு பந்தி எழுதிவைத்தார்கள். இன்றைய ஈ-1 வீசாவின் வேர் அந்தப் பந்திதான்.

அது எவ்வளவு விசித்திரமாக வேலை செய்தது என்பதற்கு ஒரு நாள் போதும். 1925 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. இரண்டிலும் சான் பிரான்சிஸ்கோவில் தடுத்து வைக்கப்பட்ட சீனப் பெண்கள். ஒரு வழக்கில் கணவன்மார் சீன வியாபாரிகள். ஒப்பந்தம் அவர்களைக் காக்கிறது, மனைவியரும் சிறு பிள்ளைகளும் உள்ளே வரலாம் என்றது நீதிமன்றம். மற்ற வழக்கில் கணவன்மார் அமெரிக்கப் பிரசைகள். அவர்களுடைய மனைவியருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை, வர முடியாது என்றது. சொந்த நாட்டுப் பிரசைக்குக் கிடைக்காத உரிமை வெளிநாட்டு வியாபாரிக்குக் கிடைத்தது. காரணம், அவனுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் கையொப்பமிட்ட கடதாசி இருந்தது.

1952இல் புதிய குடிவரவுச் சட்டத்தில் ஈ-1 என்றும் ஈ-2 என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். முதலீட்டாளர் என்ற வகை அப்போதுதான் வந்தது. பழைய நட்பு, வர்த்தக ஒப்பந்தங்கள் உள்ள நாடுகளுக்குப் பொதுவாக இரண்டும் கிடைத்தன. 1980களில் அமெரிக்கா அந்தப் பழைய பாணியை விட்டுவிட்டு, முதலீட்டைப் பாதுகாப்பதற்கென்றே தனி ஒப்பந்தங்கள் செய்யத் தொடங்கியது. அவற்றில் ஈ-2 மட்டும்தான் உண்டு. நம்முடையது அந்த இரகம். 1991 செப்டம்பர் 20இல் கையொப்பமானது. 1990இன் காயங்கள் ஆறாமல், இரவில் ஊர் எல்லையில் காவல் இருந்த கிழக்கில் அமெரிக்க முதலீட்டைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? ஒப்பந்தம் முக்கியமாக அமெரிக்கக் கம்பனிகள் இங்கே போடும் பணத்தைக் காப்பதற்கானது. ஆனால் ஒப்பந்தம் என்றால் இரு பக்கமும் ஒரே வாசகம். அவர்கள் இங்கு வந்து தம் முதலீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாமும் அங்கு போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாசகத்தின் நிழலில் நிற்பதுதான் இலங்கையரின் ஈ-2.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வியாபாரியிடம் கடதாசி கேட்பது அமெரிக்கா மட்டும் செய்த வேலை இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் வந்த பிறகு, காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து தலைமுறையாகப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த முஸ்லிம்கள் இங்கே தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரத்தோடு அலைந்தார்கள். குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியச் சோனகர்’ என்று தனியாக எண்ணப்பட்டவர்கள். பலர் கடையை விற்றுவிட்டுப் போனார்கள். நாமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

மூன்றாம் நாள் காக்கா வந்தார். ஈ-1 இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த ரெண்டாவது?” என்றார். மச்சானோடு சேர்ந்து கடையைப் பெருப்பிக்கலாம், அது முதலீடுதானே என்பது அவர் கணக்கு.

எனக்கு விளங்கியதைச் சொன்னேன். இங்கும் எழுதுகிறேன், ஆனால் இது சட்ட ஆலோசனை இல்லை. அந்த வியாபாரத்தில் குறைந்தது அரைவாசி இலங்கைப் பிரசைகளின் கையில் இருக்க வேண்டும். மச்சான் இப்போது அமெரிக்கப் பிரசை, அவர் பங்கு அந்தக் கணக்கில் வராது. கிறீன் கார்ட் வைத்திருக்கும் இலங்கையரின் பங்கும் வராது. ஆகக் குறைந்த தொகை இவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. ‘ஐம்பதாயிரம் டொலர் போதும்’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். அந்த வியாபாரத்துக்குத் தேவையான செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து, போட்ட பணம் கணிசமானதா என்றுதான் அதிகாரி தீர்மானிப்பார். பணம் வங்கியில் சும்மா கிடந்தால் முதலீடு இல்லை, வெறும் காணி வாங்கிப் போட்டாலும் இல்லை. நட்டம் வந்தால் போய்விடும் என்ற நிலையில் உண்மையாகவே வியாபாரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அந்த வியாபாரம் உங்கள் குடும்பத்தின் வயிற்றை நிரப்புவதற்கு மட்டுமானதாக இருந்தால் போதாது. பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குள் அதைவிட மேலே போகும் என்று காட்ட வேண்டும். நீங்கள் அதை வளர்த்து நடத்துகிறவராகப் போக வேண்டும். பாருங்கள், 1893இன் அந்த மூட்டை தூக்காத முதலாளி இன்னும் எங்கோ ஓரத்தில் நிற்கிறார்.

எல்லாவற்றையும்விட எங்கள் ஊர் ஆட்களுக்குக் கஷ்டமானது ஒன்று உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து, எப்படி வந்தது என்று காட்டுவது. வயல் விற்ற காசு என்றால் உறுதியில் எழுதிய விலைதான் பேசும். முத்திரைச் செலவு குறையட்டும் என்று அரைவாசி விலை எழுதியிருந்தால் மிச்சம் அரைவாசிக்குச் சாட்சி இல்லை. சீதனக் காசு, நகை விற்ற காசு, கட்டாரில் இருந்து உண்டியலில் வந்த காசு எல்லாம் ஹலாலான உழைப்பாக இருக்கலாம், ஆனால் கடதாசி இல்லை. இங்கிருந்து அமெரிக்காவுக்கு முதலீடாக அனுப்புவதும் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும். அதையும் உண்டியலில் அனுப்பிவிட்டுத் தூதரகத்தில் போய் நின்றால், என்ன பதில் சொல்வது?

கிடைத்தாலும் அது குடியுரிமை இல்லை. ஒரு தடவை உள்ளே போனால் இரண்டு வருடம், பிறகு நீடிக்கலாம், வியாபாரம் ஓடும்வரை எத்தனை தடவையும் நீடிக்கலாம். ஆனால் வியாபாரம் நின்றால் நீங்களும் திரும்ப வேண்டும். பிள்ளைக்கு இருபத்தொரு வயதானால் உங்கள் வீசாவின் கீழ் இருக்க முடியாது. காக்காவின் மூத்த மகனுக்கு இப்போது பத்தொன்பது.

ஒப்பந்தமும் நிரந்தரம் இல்லை. ஈரானுக்கு 1957இலிருந்து இரண்டு வகையும் இருந்தது. 2018 ஒக்டோபரில் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தது, 2020 ஜனவரியோடு ஈரானியருக்கு அந்த வீசா நின்றுபோனது. பொலிவியாவின் ஒப்பந்தம் 2012இல் முடிந்தது, ஏற்கனவே முதலிட்டவர்களுக்கு மட்டும் 2022 வரை தவணை கொடுத்தார்கள். வியாபாரி எந்தப் பிழையும் செய்யாமலே கதவு மூடிக்கொண்ட கதைகள் இவை.

இன்னொரு எச்சரிக்கை. வீசா ஒப்பந்தம் உள்ள சின்ன நாடொன்றின் கடவுச்சீட்டை விலைக்கு வாங்கி, அதை வைத்து ஈ-2 எடுக்கலாம் என்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். கிரனடா என்ற தீவின் பெயர் அடிக்கடி அடிபடும். அந்த வழி முன்பு இருந்தது உண்மை. 2022 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம், அப்படிக் காசு கொடுத்துப் பிரசையானவர் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று வருடம் வசித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இலங்கையருக்கு ஈ-2 ஏற்கனவே இருக்கும்போது நாம் ஏன் அந்தத் தீவுக்குப் போகவேண்டும் என்பது வேறு விசயம்.

காக்கா முகவரிடம் போய் அந்தப் பட்டியலைக் காட்டியிருக்கிறார். “அது பழைய லிஸ்ட்” என்றாராம். அதற்குப் பிறகு தொலைபேசி எடுபடுவதில்லை. மூன்று இலட்சம் இன்னும் கைக்கு வரவில்லை. வயல் உறுதி திரும்பவும் ராத்தாவின் அலுமாரிக்குள் போய்விட்டது.

நேற்று அஸருக்குப் பிறகு காக்கா மறுபடி வந்தார். அமெரிக்கா கிடக்கட்டும், கடையை முறையாகக் கம்பனியாகப் பதிந்து, வரிக் கோப்புத் திறந்து, கணக்கை ஒழுங்காக்க வேண்டும், உதவி செய்வீர்களா என்று கேட்டார். கணக்கெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சொப்பிங் பையைத் தூக்கி மேசையில் வைத்தார். பதினொரு சீ.ஆர். கொப்பி, 2014இலிருந்து, பென்சிலால் எழுதியது.

முதல் கொப்பியைத் தொடங்கியிருக்கிறோம்.